பிள்ளையார் பிடிக்கக் குரங்காவது ஏன்? களிமண்ணில் முதல் தலை

எந்தக் காரியம் கெட்டாலும் "பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது" என்று சொல்லிவிடுகிறோம். மண்ணில் முதன்முதலாக ஒரு மனிதத் தலையைப் பிடித்துப் பார்ப்பவருக்கு அந்த வாக்கு எவ்வளவு துல்லியமானது என்று புரியும். பத்தில் ஒன்பது முதல் தலைகளில் குரங்கின் சாயல்தான் இருக்கும். கை சரியில்லாததால் அப்படி ஆவதில்லை, அளவு பிசகுவதால் ஆகிறது. கண்களை மேலே ஏற்றி வைக்கிறோம், அதனால் நெற்றி சுருங்குகிறது. மண்டையின் பின்பக்கத்தைத் தட்டையாக விடுகிறோம், அதனால் வாயும் தாடையும் முன்னுக்குத் தள்ளித் தெரிகின்றன. சிறிய மண்டை, துருத்திய வாய்: குரங்கு வந்துவிட்டது.

நம் பழமொழிகளில் கலையைப் பற்றியவை பலவும் இப்படித்தான், வேலை செய்யும் இடத்தில் பிறந்தவை. அவற்றை வேலைக் குறிப்புகளாகவே எடுத்துக்கொண்டு, உச்சி முதல் நாடி வரை 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு தலையை மண்ணில் செய்து, சீமெந்தில் வார்ப்பது வரை இங்கே சொல்கிறோம். மலையகத்தின் குளிரும் ஈரமும் இந்த வேலையில் ஓரிடத்தில் உதவும், வேறோரிடத்தில் கெடுக்கும். அதையும் அங்கங்கே சேர்த்திருக்கிறோம்.

முதலில் கண்ணுக்குப் பயிற்சி

"கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்." கல்லில் செதுக்கிய நாயை நாயாகவே பார்க்கிறவனுக்குக் கல் மறைந்துவிடுகிறது. கல்லின் மேடுபள்ளத்தைப் பார்க்கத் தொடங்கினால் நாய் மறைந்துவிடுகிறது. "மரத்தை மறைத்தது மாமத யானை" என்ற திருமந்திர வரியும் இதையே சொல்கிறது. ரசிகருக்கு நாய் போதும். செய்யப் போகிறவருக்கு இரண்டும் வேண்டும், நினைத்த நேரத்தில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறத் தெரிய வேண்டும்.

இதைப் பழகக் கண்டிப் பக்கம் நல்ல இடங்கள் இருக்கின்றன. கடலாதெனிய விகாரை 1344இல் கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பாசாரியின் தலைமையில் கருங்கல்லில் எழுந்தது. அடித்தளத்திலும் தூண்களிலும் ஆடுவோரும் மேளம் கொட்டுவோரும் சின்னச் சின்ன உருவங்களாக இருக்கிறார்கள். அதிக தூரமில்லாத எம்பக்கே தேவாலயத்தில் மேள மண்டபத்து மரத்தூண்களின் சதுரங்களுக்குள் மல்லர்கள், குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய், இரட்டைத்தலைக் கழுகு எல்லாம் இருக்கின்றன. இந்த இரண்டும் பொருளை வெட்டி எடுத்துச் செய்தவை. மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் கோபுரத்துச் சுதை உருவங்கள் ஒட்டிச் சேர்த்துச் செய்தவை. தோட்டத்துக் கோவில் வாசலில் நிற்கும் காவல் தெய்வங்களும் அநேகமாக அப்படித்தான். களிமண் வேலை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. தப்பாக வைத்ததை எடுத்துவிடலாம், எடுத்ததைத் திரும்ப வைக்கலாம். கல்லில் அது நடக்காது.

காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் போங்கள். வெயில் சாய்ந்து விழும்போதுதான் புடைப்பு எழுந்து நிற்கும். உச்சிவெயிலிலும் மூடுபனியிலும் எல்லாம் தட்டையாகிவிடும். உருவத்தைத் தொடாதீர்கள். அங்குள்ளவர்களிடம் கேட்டுக்கொண்டு, ஒரு கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நேர்முன்னால் பிடித்தால் பயனில்லை. ஃபோன் கமராவின் ஃப்ளாஷும் அதே காரணத்தால்தான் சிற்பத்தைக் கொன்றுவிடுகிறது: ஒளி முன்னாலிருந்து வருவதால் நிழல் உருவத்தின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. ஒரே உருவத்தின் முன் கால்மணி நேரம் நின்று மூன்றை மட்டும் தேடுங்கள். ஆக மேடான இடம் எது? ஆகப் பள்ளமான இடம் எது? கழுத்திலிருந்து இடுப்புக்கு ஓடும் கோடு எந்தப் பக்கம் வளைகிறது? பிறகு பென்சிலால் நிழலை மட்டும் வரையுங்கள், ஓரக்கோடு வேண்டாம். வர்ணம் பூசிய கோபுரத்தில் இது கடினம், நிறம் நிழலை விழுங்கிவிடும். அதனால் கடலாதெனியவில் தொடங்குவதே நல்லது.

ஓவியத்தை நின்ற இடத்தில் நின்று பார்க்கலாம். சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் ஒவ்வோர் அடிக்கும் அது வேறு உருவமாகிறது. ஒரே முகம் காலையில் கடுமையாகவும் மாலையில் கனிவாகவும் தெரிகிறது. சிற்பத்தின் மேல் பித்துப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சுற்றில்தான் அகப்படுகிறார்கள். நீங்கள் செய்யப் போகும் தலையும் எல்லாப் பக்கமும் இருக்கும் பொருள் என்பதை மறக்க வேண்டாம்.

மண்

தேயிலை மலையில் வெட்டும் செம்மண் உதவாது. அதில் பரல் அதிகம், ஒட்டு குறைவு. வயலோரத்திலும் ஓடை வளைவிலும் பள்ளத்தில் தங்கும் சாம்பல் நிறக் களியைத் தேடுங்கள். செங்கல் சூளைக்காரரிடமோ சட்டிபானை செய்பவரிடமோ கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது. சோதனை எளிது. ஈர மண்ணைப் பென்சில் தடிப்பில் உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெடிக்காமல் வளைந்தால் போதுமான களி இருக்கிறது. இரண்டு மூன்று மெல்லிய கீறல் விட்டாலும் சமாளிக்கலாம். உடைந்தே போனால் வேறு மண் பாருங்கள்.

இந்தத் தலைக்கு மூன்று கிலோ போதும், நான்கு கிலோ தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கொண்டுவந்த கட்டிகளை முதலில் நன்றாகக் காயவிட வேண்டும். அரைகுறை ஈரமுள்ள கட்டி தண்ணீரில் நாள்கணக்கில் அப்படியே கிடக்கும், முற்றாகக் காய்ந்த கட்டி சிறிது நேரத்திலேயே பொருபொருவென்று உதிர்ந்துவிடும். காய்ந்ததை உடைத்து வாளியில் போட்டு, மண் மூழ்கத் தண்ணீர் விட்டு இரண்டு நாள் விடுங்கள். கலக்கி, நுளம்பு வலையில் வடித்து, கல்லும் வேரும் நீக்குங்கள். மேலே தெளிந்த நீரை ஊற்றிவிட்டு, கூழைப் பழைய பருத்தித் துணியில் கொட்டிச் செங்கல் அடுக்கின் மேல் பரப்புங்கள். செங்கல் நீரை உறிஞ்சும். கண்டியில் இரண்டு மூன்று நாளில் பதம் வரும். நுவரெலியாவில் மழை நாளென்றால் ஒரு வாரமும் ஆகலாம். பதம் என்பது ரொட்டிக்குப் பிசைந்த மாவின் பதம்: விரலில் ஒட்டக்கூடாது, அழுத்தினால் விரல்ரேகை பதிய வேண்டும். பிறகு பலகையில் போட்டுக் கால்மணி நேரம் அறைந்து பிசையுங்கள். உள்ளே காற்றும் கட்டியும் தங்கினால் பிறகு கண் வைக்கும் இடத்தில்தான் அது வந்து நிற்கும்.

கூடு

"சுவர் இருந்தால்தான் சித்திரம்." சிற்பத்தில் சுவர் என்பது உள்ளே நிற்கும் கூடு. மூன்று கிலோ ஈரமண் தானாக ஒரு கழுத்தின் மேல் நிற்காது. கூடில்லாமல் தொடங்குபவரின் தலை அன்று மாலையே தோளுக்குள் இறங்கிவிடும்.

30க்கு 30 சென்டிமீட்டர், 2 சென்டிமீட்டர் தடிப்புள்ள பலகை ஒன்று. இரண்டு பக்கமும் பெயின்ட் அடியுங்கள், இல்லையேல் ஈரத்தில் வளையும். நடுவில் 18 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஓர் அங்குலச் சதுரக் கட்டையை அடியிலிருந்து இரண்டு ஸ்க்ரூ முடுக்கி நிறுத்துங்கள். ஒற்றை ஸ்க்ரூ என்றால் கட்டை சுழலும், தலையும் கூடச் சுழலும். கட்டைக்கும் பெயின்ட் வேண்டும். காய்ந்த மரம் மண்ணின் நீரைக் குடித்துப் பருத்தால் கழுத்து வெடிக்கும். கட்டையின் மேல்பகுதியில், 11 முதல் 18 சென்டிமீட்டர் உயரம் வரை, பத்திரிகைத் தாளைக் கசக்கி 6 சென்டிமீட்டர் அகலமுள்ள உருண்டையாகச் சுற்றிக் கம்பியால் இறுக்குங்கள். அது மண்ணையும் பாரத்தையும் குறைக்கும். உருண்டையைக் கொஞ்சம் பின்பக்கம் தள்ளி வையுங்கள், முகத்துக்கு ஆழம் வேண்டும். கடைசியாக, 5 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு மரக்குச்சிகளைச் சிலுவை போலக் கட்டி, மெல்லிய கம்பியில் உருண்டைக்குக் கீழே தொங்கவிடுங்கள். மண் வழுக்கி இறங்காமல் தாங்குவது இந்தக் குச்சிகள்தான். பலரும் அற்பம் என்று விட்டுவிட்டுப் பிறகு வருந்துவது இதற்காகத்தான்.

கருவிகளுக்குக் கடை தேட வேண்டாம். சீவிய மூங்கில் துண்டு இரண்டு, ஒன்று கூராகவும் ஒன்று வட்ட முனையாகவும். குச்சி நுனியில் வளையமாகக் கட்டிய எஃகுக் கம்பி, மண்ணைச் சுரண்ட. மண்ணைத் தட்டிச் சேர்க்க ஒரு மரக்கட்டை. தண்ணீர் தெளிக்கும் போத்தல். ஓர் அடிமட்டம்.

பிடித்தல்

"சித்திரமும் கைப்பழக்கம்." கூட்டில் மண் ஏற்றுவதற்கு முன் ஒரு கைப்பிடி மண்ணில் 5 சென்டிமீட்டர் தலைகள் சிலவற்றைப் பிடியுங்கள். கண், மூக்கு எதுவும் வேண்டாம். மண்டையின் முட்டை வடிவம், அதன் சாய்வு, கழுத்து முன்னோக்கிச் சாயும் விதம், அவ்வளவுதான். பிடித்ததை நசுக்கி மறுபடி பிடியுங்கள். கை வடிவத்தை மனப்பாடம் செய்ய இதைவிடக் குறுக்குவழி இல்லை.

ஒளி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வர வேண்டும். ஒரே வாசல் வெளிச்சமுள்ள லயக் காம்பரா இதற்கு நன்றாகப் பொருந்தும். தலைக்கு மேல் எரியும் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். வேலை உங்கள் கண்மட்டத்துக்கு வருமாறு பலகையை உயர்த்தி வையுங்கள். குனிந்து பார்த்துச் செய்த முகம் பிறகு அண்ணாந்து பார்ப்பதுபோல இருக்கும்.

இப்போது அளவு. நாடி பலகையிலிருந்து 8 சென்டிமீட்டர் உயரத்தில், உச்சி 23இல். அகலம் 10. முன்னிருந்து பின் ஆழம் 13. இந்தக் கடைசி எண்ணைப் பலகையிலேயே எழுதி வையுங்கள். முகத்தை எப்போதும் முன்னாலிருந்தே பார்த்துப் பழகியதால், நாம் ஆழத்தை 9, 10 என்று குறைத்துவிடுகிறோம். குரங்கு அங்கேதான் பிறக்கிறது. நாடியிலிருந்து 4.2 சென்டிமீட்டரில் மூக்கின் அடி, 8.4இல் புருவம், 12.6இல் முடி தொடங்கும் கோடு. முகத்தை இப்படி மூன்று சமபாகமாகப் பிரிப்பது நம் சிற்பாசாரிகளின் தால அளவிலும் உண்டு: முகத்தின் உயரத்தை ஒரு தாலமாகக் கொண்டு ஒன்பது தாலத்தில் உருவம் செய்யும் நவதாலத்தில் உருவம் முழுதும் 108 அங்குலம் (இது விகிதத்துக்கான அலகு, அடிமட்டத்து அங்குலம் அல்ல), முகம் 12, ஒவ்வொரு பாகமும் நான்கு. கண்கோடு 7.5இல், அதாவது தலையின் சரிபாதியில். நம்ப முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரின் தலையை அளந்து பாருங்கள்.

மண்ணைச் சிறு உருண்டைகளாக எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுங்கள். தகடாக ஒட்டினால் நடுவில் காற்றுத் தங்கும். முதலில் முட்டை வடிவம், பிறகு மரக்கட்டையால் தட்டி முன், பின், இரு பக்கம் என்று நான்கு தளங்களை உண்டாக்குங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பலகையைக் கால்வட்டம் திருப்புங்கள். முன்பக்கத்தை முடித்துவிட்டுப் பின்பக்கத்துக்குப் போகலாம் என்று நினைப்பவரிடம் முகமூடி ஒன்றுதான் மிஞ்சும்.

இரண்டு கட்டைவிரலாலும் கண்குழியை அழுத்துங்கள், நீங்கள் நினைப்பதைவிட ஆழமாக. அதற்குள் 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையைப் பாதி புதையும்படி வைத்து, மேலே இமைகளை மெல்லிய பட்டைகளாகப் போர்த்துங்கள். கண்ணை மண்ணில் கோடாகக் கீறினால் அது வரைந்த கண்ணாகவே இருக்கும், பார்க்காது. மேலிமை கீழிமையைவிட முன்னால் நிற்க வேண்டும், அதன் நிழல் விழியில் விழும்போதுதான் பார்வை வருகிறது. இரு கண்ணுக்கும் நடுவில் ஒரு கண் இடம் விடுங்கள். மூக்கைத் தனியாகச் செய்து ஒட்டாமல், புருவத்திலிருந்து இறக்கிக் கொண்டு வாருங்கள். வாய் நாடியிலிருந்து 2.8இல். அது தட்டையான இடத்தில் இல்லை, பல்வரிசையின் வளைவைச் சுற்றி ஓடுகிறது. வாயின் ஓரங்கள் பக்கவாட்டுக்குத் திரும்பாவிட்டால் சிரிப்பும் வராது, சோகமும் வராது. காது, புருவத்துக்கும் மூக்கடிக்கும் நடுவில், பக்கத்திலிருந்து பார்க்கும்போது பாதிக்குப் பின்னால். பின்மண்டை முடியும் இடமும் ஏறக்குறைய மூக்கடியின் மட்டமே, கழுத்து அங்கிருந்து முன்னோக்கி நாடிக்குக் கீழே இறங்குகிறது.

தண்ணீர் தொட்டு வழவழப்பாக்காதீர்கள். அவசரப்பட்டு மழுப்பிய முகம் சவர்க்காரத்தில் செய்ததுபோலாகி, நீங்கள் உழைத்து எடுத்த தளங்கள் எல்லாம் கரைந்துவிடும்.

காத்து வைத்தல்

கூட்டின் மேல் இருக்கும் மண் காயவே கூடாது. மண் காயக் காயச் சுருங்கும், உள்ளே இருக்கும் கட்டை சுருங்காது, அதனால் வெடிக்கும். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் நனைத்துப் பிழிந்த துணியால் போர்த்து, அதன்மேல் பொலித்தீன் பையைக் கவிழ்த்துக் கட்டுங்கள். குளிரும் ஈரமும் உங்களுக்கு உதவுவது இங்கேதான். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் அப்படிக் கட்டிய மண் பல நாள் பதத்தோடு இருக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் தினமும் தெளிக்க வேண்டிவரும். துணியில் பூஞ்சணம் பிடித்தால் துணியைத் துவைத்து மாற்றுங்கள், மண்ணுக்குக் கேடில்லை. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்லின்மேல் உறைபனி விழும் இரவுகளில் இஸ்தோப்பில் விடாமல் உள்ளே எடுத்து வையுங்கள். உறைந்த நீர் விரிந்து மண்ணைப் பிளக்கும்.

அச்சு

நான்கு கிலோ பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் வேண்டும். மலையகத்தில் இந்த வேலை கெடுவது அநேகமாகப் பழைய பிளாஸ்டரால்தான். அது காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டிபட்டுப் பலமிழக்கும். கடையில் எத்தனை மழை மாதம் கிடந்தது என்று தெரியாதாகையால், வாங்கிய அன்றே இரண்டு கரண்டி கரைத்துப் பாருங்கள். அரைமணி நேரத்தில் சூடேறி நகம் பதியாதபடி இறுகாவிட்டால் திருப்பிக் கொடுங்கள். நல்லதை இறுகக் கட்டி, அடுப்படிப் பக்கம் உயரத்தில் வையுங்கள். தென்மேற்குப் பருவமழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தார் தேவைக்கு மேல் வாங்க வேண்டாம்.

குளிர்பான டின்னை வெட்டி 3க்கு 4 சென்டிமீட்டர் தகடுகள் செய்து, உச்சி வழியாக இரு காதுக்கும் பின்னால் கழுத்தின் அடிவரை வரிசையாக ஒரு சென்டிமீட்டர் ஆழம் குத்துங்கள். தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏறி நிற்க வேண்டும். இது அச்சை முன், பின் என்று பிரிக்கும் வேலி.

தண்ணீரில்தான் பிளாஸ்டரைத் தூவ வேண்டும், பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றினால் கட்டி படும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ. தூவியது மேலே தீவுபோலத் தங்கத் தொடங்கும்போது நிறுத்தி, ஒரு நிமிடம் ஊறவிட்டு, கையை அடியில் வைத்துக் குமிழி வராமல் கலக்குங்கள். முதல் பூச்சுக்குத் துணிக்குப் போடும் நீலம் கொஞ்சம் சேருங்கள், ஏனென்று பிறகு தெரியும். இந்த நீலப் பூச்சை விரலால் சுண்டித் தெளித்து, மூக்குத்துளை, இமையோரம் எல்லாம் ஊதி உள்ளே போகச் செய்து, 5 மில்லிமீட்டர் தடிப்புக்குக் கொண்டு வாருங்கள். அது இறுகியதும் வெள்ளைப் பிளாஸ்டரில் தேங்காய்த் தும்பு நனைத்து 2 சென்டிமீட்டர் தடிப்புக்குப் போர்த்துங்கள். தகடுகளின் விளிம்பு வெளியே தெரியும்வரை சுரண்டிவிடுங்கள், மூடிவிட்டால் அச்சு பிரியாது. இறுகும் பிளாஸ்டருக்குள் கையை வைத்திருக்க வேண்டாம், அந்தச் சூடு தோலைப் புண்ணாக்கும். மிச்சத்தை வடிகாலில் ஊற்றவும் வேண்டாம், அங்கேயே கல்லாகிவிடும்.

ஒரு மணி நேரம் கழித்துத் தகட்டு வரிசையில் தண்ணீர் ஊற்றி, மர ஆப்பை மெதுவாகத் தட்டிப் பின்பாதியைக் கழற்றுங்கள். மண்ணைத் தோண்டி எடுத்து, முன்பாதியையும் கழற்றிக் கழுவுங்கள். நீங்கள் செய்த மண் தலை இதோடு அழிந்துவிடும். உள்ளே குழிவாகத் தெரியும் முகம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். குழிவு கண்ணுக்குப் புடைப்பாகவே தோன்றி, நீங்கள் நகர நகர உங்களைத் திரும்பிப் பார்க்கும்.

சீமெந்து

சவர்க்காரத்தைச் சீவிச் சுடுநீரில் கரைத்து, அச்சின் உட்புறத்தில் மூன்று முறை தூரிகையால் தடவி, நுரையைத் துடைத்துவிடுங்கள். அதன்மேல் மிக மெல்லியதாகத் தேங்காயெண்ணெய். குளிர்ந்த காலையில் எண்ணெய் உறைந்திருக்கும். அப்படியே பூசினால் இமைக்கோட்டில் தங்கி அதை அடைத்துவிடும், சூடாக்கி உருக்கித்தான் பூச வேண்டும்.

ஒரு கிலோ சீமெந்து, சலித்த ஆற்றுமணல் இரண்டு கிலோ. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கலவையைப் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், நீர் வடியக்கூடாது. தண்ணீர் கூடினால் காயும்போது சுருங்கிக் கீறும். முதலில் கெட்டியான சீமெந்துப் பாலைத் தூரிகையால் முகம் முழுதும் தடவி, உடனே கலவையை 2 சென்டிமீட்டர் தடிப்புக்கு இரு பாதியிலும் விரலால் அழுத்துங்கள். "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பது இங்கே சரி: சிறிது சிறிதாக, அழுத்தி அழுத்தி. விளிம்புகளில் சீமெந்துப் பால் தடவி, இரு பாதியையும் சேர்த்துக் கம்பியால் இறுகக் கட்டி, கழுத்து வழியாக மீதியை நிரப்பிக் குச்சியால் குத்துங்கள். நடுவில் ஒரு கம்பியை இறக்கி, நான்கு சென்டிமீட்டர் வெளியே விடுங்கள். பீடத்தில் நிறுத்த அது உதவும்.

கண்டியில் மூன்று நாள், நுவரெலியாக் குளிரில் ஐந்து நாளாவது ஈரச்சாக்குப் போர்த்தி வைத்த பிறகே உடைக்கத் தொடங்குங்கள். குளிரில் சீமெந்து மெதுவாகத்தான் பலம் பெறும். மழுங்கிய உளியை மேற்பரப்புக்கு நேர்க்குத்தாகப் பிடித்து, உச்சியிலிருந்து வெள்ளையை உடைத்து வாருங்கள். நீலம் தெரிந்ததும் கை நிதானிக்க வேண்டும், அதற்குக் கீழே ஐந்து மில்லிமீட்டரில் முகம் இருக்கிறது. மூக்கையும் காதையும் கடைசிக்கு விடுங்கள். மூக்கு நுனி பெயர்ந்தால் அதே கலவையின் நுண்மணலைச் சீமெந்துப் பாலில் குழைத்து, உடைந்த இடத்தை நனைத்து ஒட்டலாம்.

வெளியே வந்த தலையை இன்னும் ஒரு வாரம் ஈரத்திலேயே வையுங்கள். பிறகு வெயில் படாத இடத்தில் காயவிட்டால், வெள்ளையாக ஓர் உப்புப் படரும். காய்ந்த தூரிகையால் தேய்த்து, இரண்டு மூன்று முறை கழுவினால் போய்விடும். வர்ணம் பூச நினைப்பவர்கள் அந்த வெண்மை வருவது நிற்கும்வரை பொறுத்திருங்கள். முன்பே பூசினால் முதல் மழைக்கே வர்ணம் செதிள் செதிளாக உரியும்.